தராசு சொல்லும் எடையும் கை சொல்லும் எடையும்



நம் ஊரில் புல் என்றால் மாட்டுக்குத் தீவனம். அரிவாளை எடுத்துக் கொண்டு போய், குந்தி உட்கார்ந்து அறுத்து, கட்டாகக் கட்டிக் கொண்டு வந்து விடுவோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிலைமை வேறு. அங்கே வீட்டுக்கு முன்னும் பின்னும் புல்தரை வளர்ப்பது வழக்கம். புல்லை ஒரே மட்டமாக வெட்டி வைக்க வேண்டும். தள்ளிக் கொண்டு போகும் சக்கர இயந்திரம் நடுப்பகுதியை வெட்டி விடும். ஆனால் மரத்தடியிலும், சுவரோரத்திலும், வேலிக்கால் அருகிலும் அது நுழையாது. அந்த மூலைமுடுக்குகளுக்கு என்றே ஒரு சிறு கருவி உண்டு. நீண்ட கோல்; கோலின் நுனியில் ஒரு மோட்டார்; மோட்டாரில் ஒரு வட்டு; வட்டிலிருந்து நீண்டிருக்கும் ஒரு நைலான் இழை. இதை டிரிம்மர் என்பார்கள். இந்தக் கட்டுரையில் புல்வெட்டி என்றே சொல்வோம்.

லேசான புல்வெட்டி ஒன்று வாங்க நினைப்பவர் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. ஒயர் உள்ளதை வாங்குவதா, பாட்டரி உள்ளதை வாங்குவதா?

'இது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஆயிற்றே, அறிவியல் இதழில் இதற்கு என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். கடைக்காரர் தம்மிடம் இருப்பதைத்தான் சொல்வார். விளம்பரம் புதியதைத்தான் புகழும். நெம்புகோல் விதியும் ஓம் விதியும் படித்த ஒரு மாணவனோ மாணவியோ இருவரையும் விடச் சரியான விடை சொல்ல முடியும் என்பது என் எண்ணம். அந்த விடை என்னவாக இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. சிறிய தோட்டத்துக்கு, பிளக் பாயிண்ட் அருகில் இருக்குமானால், ஒயர் உள்ள புல்வெட்டியே போதும். பாட்டரியைத் தேவை இல்லாமல் வாங்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

தகர டப்பாவில் பிறந்த கருவி

முதலில் இந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்று தெரிந்து கொள்வோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பாலஸ் என்பவர் இருந்தார். நடனப் பள்ளி நடத்தியவர். தம் தோட்டத்து மரங்களைச் சுற்றியுள்ள புல்லை, பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்டுவது எப்படி என்பது அவருடைய கவலை. 1971-இல் ஒரு நாள், கார் கழுவும் நிலையத்தில் நைலான் தூரிகைகள் சுழல்வதைக் கவனித்தார். சுழலும்போது அந்த இழைகள் விறைத்து நின்று காரின் அழுக்கைத் தட்டி எடுத்தன. வீட்டுக்கு வந்து, ஒரு காலித் தகர டப்பாவில் துளைகள் போட்டு, இழைகளைக் கோத்து, புல்லோரம் வெட்டும் ஒரு கருவியில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தார். புல் பறந்தது. அந்த யோசனை 'வீட் ஈட்டர்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது.

தொளதொளவென்று தொங்கும் இழை எப்படிப் புல்லை வெட்டுகிறது? எல்லாம் வேகம்தான். இழையின் நுனி வரையும் வட்டத்தின் விட்டம் 30 சென்டிமீட்டர், சுழற்சி நிமிடத்துக்கு 8,000 என்று வைத்துக் கொள்ளுங்கள். நுனியின் வேகம் வினாடிக்குச் சுமார் 125 மீட்டர். அதாவது மணிக்கு 450 கிலோமீட்டர்! பயணிகள் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்போது உள்ள வேகத்தை விட இது அதிகம். அந்த வேகத்தில் இழை தானே விறைத்துக் கொள்கிறது. அடிபட்ட புல், வளைந்து கொடுக்க நேரம் இல்லாமல் அறுந்து விடுகிறது. கூழாங்கல் ஒன்று எதிர்ப்பட்டால் அதுவும் பறக்கும் என்பதை மறந்து விடாதீர்கள். கண்ணாடியும் காலணியும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. உங்கள் வயதுக்காரர்கள் தனியே இயக்கவும் கூடாது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மோட்டாரின் திறனில் பெரும்பகுதி புல்லை வெட்டச் செலவாவதில்லை. காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. இழையின் ஒவ்வொரு துணுக்கின் வேகமும், மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்துக்கு ஏற்ப அதிகரிக்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக உயர்கிறது. தடையை வேகத்தால் பெருக்கினால் திறன். எனவே அது மும்மடியாகிறது. இழையின் நீளம் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால், தேவைப்படும் திறன் ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்ப உயர்கிறது. விட்டத்தை 30 சென்டிமீட்டரிலிருந்து 25 ஆகக் குறைத்தால், அதே சுழற்சி வேகத்தில், காற்றுக்குப் போகும் திறன் பாதிக்கும் கீழே இறங்கி விடும். ஆகவே 'அகலமாக வெட்டும்' என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த ஐந்து சென்டிமீட்டருக்காகப் பெரிய மோட்டாரையும், பாட்டரி என்றால் பெரிய பாட்டரியையும் கையில் சுமக்க வேண்டி வரும். சிறு தோட்டத்துக்குச் சிறு வட்டமே சிறந்தது.

எடை எங்கே இருக்கிறது?

பெட்டியின் மேல் 'எடை 2 கிலோ' என்று அச்சிட்டிருக்கும். இன்னொன்றில் 'எடை 2.4 கிலோ' என்றிருக்கும். முதலாவதுதான் லேசு என்று உடனே முடிவு கட்டி விடலாமா? கூடாது. தராசு எடையைக் காட்டுமே தவிர, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டாது. கைக்கு வேண்டியது இரண்டாவது செய்தி.

ஒரு கணக்குப் போடுவோம். புல்வெட்டியை இரண்டு கைகளால் பிடிக்கிறோம். முன்கை கோலின் நடுவில் உள்ள பிடியைத் தாங்குகிறது. அதை ஆதாரப் புள்ளி என்று கொள்வோம். அதற்கு முன்னால் 70 சென்டிமீட்டர் தூரத்தில், 1.2 கிலோ எடையுள்ள மோட்டார்த் தலை இருக்கிறது. பின்கை, ஆதாரப் புள்ளிக்குப் பின்னால் 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்திருக்கிறது. கோலின் எடையை இப்போதைக்கு விட்டு விடுவோம்.

ஒயர் உள்ள புல்வெட்டியில் முன்பக்கத் திருப்புத்திறன் 1.2 × 70 = 84. இதைச் சமன் செய்யப் பின்கை 84 ÷ 40 = 2.1 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அப்படியானால் முன்கை தாங்குவது எவ்வளவு? 1.2 + 2.1 = 3.3 கிலோ. ஒன்றே கால் கிலோ கூட இல்லாத தலை, முன்கைக்கு மூன்று கிலோவுக்கு மேல் கனக்கிறது!

இப்போது பாட்டரி உள்ளதைப் பார்ப்போம். பெரும்பாலான பாட்டரிப் புல்வெட்டிகளில் பாட்டரியைப் பின்பிடிக்குப் பின்னால் செருகுவார்கள். அது 0.4 கிலோ என்றும், ஆதாரப் புள்ளிக்குப் பின்னால் 50 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றும் கொள்வோம். அதன் திருப்புத்திறன் 0.4 × 50 = 20. மீதியுள்ள 64-ஐ மட்டும் பின்கை சமன் செய்தால் போதும். 64 ÷ 40 = 1.6 கிலோ. முன்கை தாங்குவது 1.2 + 0.4 + 1.6 = 3.2 கிலோ.

பார்த்தீர்களா? தராசில் 400 கிராம் கூடுதலாக நிற்கும் கருவி, அசையாமல் பிடித்திருக்கும்போது, இரண்டு கைகளுக்கும் சற்றே லேசாக இருக்கிறது. இது என் கட்சிக்கு எதிரான கணக்குதான். ஆனாலும் கணக்கு கணக்குதானே! நான் ஒயரின் பக்கம் பேசுகிறேன் என்பதற்காக நெம்புகோல் விதி வளைந்து கொடுக்காது.

ஒயர் வாங்குபவருக்கு இதிலிருந்து ஒரு வழியும் கிடைக்கிறது. நடுப்பிடியை நகர்த்தி வைக்கக்கூடிய கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்தப் பிடியைத் தலைப்பக்கமாகப் பத்து சென்டிமீட்டர் தள்ளினால், முன்னே 60, பின்னே 50. பின்கை அழுத்த வேண்டியது 1.44 கிலோ; முன்கை தாங்குவது 2.64 கிலோ. ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு திருகைத் தளர்த்தி இறுக்கியதிலேயே 3.3 கிலோ 2.64 ஆகி விட்டது. தோள்வார் இருந்தால் இன்னும் நல்லது. ஈர்ப்பு மையத்தில் வாரை மாட்டினால் சுமையைத் தோள் ஏற்கும். கைகள் திசை காட்டினால் போதும். வயதானவர்களுக்காக லேசான கருவி தேடுகிறவர்கள் கிராமை எண்ணுவதற்கு முன் இந்தப் பிடியையும் வாரையும் பார்க்க வேண்டும்.

ஒயரின் கணக்கு

ஒயர் உள்ள கருவி எவ்வளவு நேரமும் களைக்காது. மின்நிலையமே அதன் பாட்டரி. ஆனால் ஒயர் நீள நீள மின்தடையும் கூடும். அது எவ்வளவு என்று பார்த்து விடுவோம்.

கருவி 400 வாட்; நீட்டிப்பு ஒயர் 25 மீட்டர்; உள்ளே இருக்கும் செம்புக் கம்பியின் குறுக்குப் பரப்பு 0.75 சதுர மில்லிமீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும். ஆகவே கம்பியின் மொத்த நீளம் 50 மீட்டர். அதன் மின்தடை சுமார் 1.17 ஓம். இங்கிலாந்தில், நம் நாட்டைப் போலவே, 230 வோல்ட். மின்னோட்டம் 400 ÷ 230 = 1.74 ஆம்பியர். ஒயரில் இழக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய 2 வோல்ட். நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. அமெரிக்காவில் 120 வோல்ட். அதே கருவித் திறனுக்கு மின்னோட்டம் 3.33 ஆம்பியர், இழப்பு 3.9 வோல்ட், அதாவது நூற்றுக்கு மூன்றுக்கு மேல். அதே ஒயர், அதே திறன். இழப்பின் விகிதம் மட்டும் மூன்றரை மடங்குக்கு மேல்! அமெரிக்கக் கருவிகளுக்கு வரும் குறிப்பேடுகளில் 'ஒயர் நீளமானால் தடித்த ஒயரைப் பயன்படுத்துக' என்று வற்புறுத்தி எழுதுவது இதனால்தான்.

மின்சாரச் செலவு? வாரத்துக்கு 15 நிமிடம், ஆண்டில் புல் வளரும் 30 வாரம் என்று வைத்துக் கொண்டால் மொத்தம் ஏழரை மணி நேரம். 400 வாட் கருவி அந்த நேரம் முழுவதும் ஓடினால் ஆகும் செலவு 3 யூனிட். ஓர் ஆண்டு முழுவதற்கும் மூன்றே யூனிட்! எனவே மின்சாரச் சிக்கனம் என்ற பேச்சு இந்த விவாதத்தில் எந்தப் பக்கத்துக்கும் உதவாது.

பாட்டரியின் கணக்கு

லித்தியம்-அயனி மின்கலம் ஓர் அரிய கண்டுபிடிப்பு. 1991-இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு அடிப்படை அமைத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஈயப் பாட்டரி ஒரு கிலோ எடையில் 30 முதல் 40 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். லித்தியம்-அயனி மின்கலம் 150-க்கு மேல் சேமிக்கும். கையில் தூக்கும் அளவில் பாட்டரிப் புல்வெட்டி கிடைப்பதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சிறிய பெட்ரோல் எஞ்சின் தோட்டக் கருவிகளின் புதிய விற்பனையை 2024 முதல் நிறுத்துவதற்கு 2021-இல் சட்டம் இயற்ற முடிந்ததும், இத்தகைய பாட்டரிகள் வந்து விட்ட துணிச்சலில்தான். புகை கக்கும் எஞ்சினுக்குப் பதில் பாட்டரி என்றால் நானும் கை தட்டுவேன். ஒயர் எட்டும் இடத்தில் ஒயருக்குப் பதில் பாட்டரி என்னும்போதுதான் தயங்குகிறேன்.

முதலில் விளம்பர எண்களைப் பிரித்துப் பார்ப்போம். அமெரிக்கக் கடையில் '20 வோல்ட் மாக்ஸ்' என்று ஒரு பாட்டரி; ஐரோப்பியக் கடையில் '18 வோல்ட்' என்று ஒரு பாட்டரி. எது வலுவானது? இரண்டும் ஒன்றே! இரண்டிலும் ஐந்து மின்கலங்கள் தொடராக இணைந்துள்ளன. வேலை செய்யும்போது ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதும் மின்னேற்றிய அந்த நொடியில் ஒவ்வொன்றும் நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஐந்துக்கு 20-க்கு மேல். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். நாம் பார்க்க வேண்டியது வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி வரும் வாட்-மணி. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. கருவி 150 வாட் எடுத்தால் 14 நிமிடம் ஓடும். அதே கருவியில் அடர்ந்த களையை வெட்டி 300 வாட் எடுத்தால் 7 நிமிடத்தில் நின்று விடும்.

இரண்டாவது, பாட்டரியின் ஆயுள். மேலே சொன்ன ஏழரை மணி நேர வேலைக்கு, சராசரி 150 வாட் என்றால், ஆண்டுக்கு 31 முறை மின்னேற்றினால் போதும். இந்த மின்கலங்கள் பல நூறு முறை மின்னேற்றத்தைத் தாங்கக் கூடியவை. ஆனால் லித்தியம் மின்கலம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மெல்ல மெல்ல மூப்படைகிறது. முழு மின்னேற்றத்தோடு வெப்பமான இடத்தில் வைத்தால் இன்னும் விரைவாக. இங்கிலாந்தில் குளிர்காலம் முழுவதும் புல் வளராது. பாட்டரி கொட்டகையில் கிடக்கும். உழைத்துத் தேய வேண்டிய பாட்டரி உட்கார்ந்தே கிழமாகிறது. அதற்காகத் தோண்டி எடுத்த லித்தியமும், நிக்கலும், செம்பும் தங்கள் வேலையை முழுதும் செய்யாமலே ஓய்வு பெறுகின்றன. பழைய பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது, நசுங்கினால் தீப்பற்றும்.

மூன்றாவது, பாட்டரிக்கு மாற்று கிடைக்குமா என்ற கேள்வி. ஒவ்வொரு நிறுவனமும் தன் பாட்டரிக்குத் தனி வடிவம் வைத்திருக்கிறது. ஒன்றின் பாட்டரி பொதுவாக மற்றொன்றில் பொருந்தாது. பத்தாண்டு கழித்து அந்த வடிவம் கடையில் கிடைக்காவிட்டால், நன்றாக ஓடும் மோட்டாரையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், நச்சுத்தன்மையுள்ள காட்மியத்தைத் தவிர்ப்பதற்காக, ஒயரில்லாத கைக்கருவிகளுக்கான நிக்கல்-காட்மியம் பாட்டரிகளை விற்பனைக்குக் கொண்டு வருவது 2016 இறுதியோடு தடை செய்யப்பட்டது. நல்ல முடிவுதான். ஆயினும் அந்தப் பாட்டரிகளை நம்பியிருந்த கருவிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். மறுபுறம், இங்கிலாந்தின் மூன்று முள் பிளக்குக்கான தரம் 1947-இல் வகுக்கப்பட்டது. அந்தப் பிளக் இன்றைய சுவரிலும் பொருந்தும்.

எதிர்த்தரப்பு சொல்வதும் நியாயமே

ஒயருக்குக் குறை இல்லையா? உண்டு, பெரிய குறையே உண்டு. சுழலும் இழைக்குப் பக்கத்திலேயே 230 வோல்ட் ஒயர் கிடக்கிறது. கால் தடுக்கலாம். ஒயர் வெட்டுப்படலாம். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது உயிராபத்து. இதை மறைத்துப் பேசினால் என் வாதம் வாதமாகாது.

இதற்குக் காப்பு உண்டு. ஆர்.சி.டி. என்னும் மின்கசிவுத் துண்டிப்பான், போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக் கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தால், வினாடியின் சிறு பின்னத்தில் இணைப்பைத் துண்டித்து விடும். தோட்டத்தில் ஒயர்க் கருவியை இயக்குபவர் இது இல்லாமல் இயக்கக் கூடாது. இருந்தாலும் இதை முழுக் கவசம் என்று எண்ணி விடாதீர்கள். வெட்டுப்பட்ட இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால், கசிவு இல்லாததால் அது துண்டிக்காமலே இருக்கலாம். ஆகவே ஒயர் வெட்டுப்பட்டால் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிறகுதான் ஒயரைத் தொட வேண்டும். ஈரத்தில் வேலையே கூடாது. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாதவர் பாட்டரியை வாங்குவதே மேல். உயிரை விட லித்தியம் பெரிதல்ல.

இன்னொரு நியாயமும் உண்டு. ஒரு வீட்டில் துளைபோடும் கருவி, ரம்பம் எல்லாம் ஒரே வகைப் பாட்டரியில் ஓடுகின்றன என்றால், புல்வெட்டியும் அதே பாட்டரியில் ஓடுவது சிக்கனம். அங்கே பாட்டரி உட்கார்ந்து கிழமாகாது. ஆண்டு முழுவதும் உழைக்கும்.

மூன்று அளவுகள்

எனவே வாங்குவதற்கு முன் மூன்றை அளக்க வேண்டும் என்பேன். முதலாவது தூரம்: பிளக் பாயிண்டிலிருந்து தோட்டத்தின் கடைசி மூலை வரை. 25 மீட்டருக்குள் இருந்து, நடுவே மரங்களும் பாத்திகளும் ஒயரைச் சிக்க வைக்காது என்றால் ஒயர். அதற்கு அப்பால் என்றால் பாட்டரி. இரண்டாவது நேரம்: ஆண்டில் எத்தனை மணி வேலை? மிகச் சில மணி என்றால், வாங்கும் பாட்டரி வேறு எதற்காவது பயன்படுமா என்று கேட்க வேண்டும். மூன்றாவது கை: பிடிக்கப் போகிறவரின் கையில் கொடுத்து, ஐந்து நிமிடம் வேலை செய்யும் நிலையில் நிற்கச் சொல்ல வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணை விட அந்த ஐந்து நிமிடம் அதிகம் சொல்லும்.

இந்த மூன்றையும் அளந்து பார்த்தால், சிறு தோட்டம் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு ஒயரே விடையாக வரும் என்று நான் கருதுகிறேன். உங்கள் வீட்டில் புல்தரை இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒயர் உள்ளதா, பாட்டரி உள்ளதா என்ற கேள்வி கைவிளக்கிலிருந்து மருந்து தெளிப்பான் வரை எங்கும் வரும். அப்போதும் அளப்பதற்கு இவையே மூன்றும்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு நீண்ட ஒட்டடைக் கம்பை எடுத்து, நுனியில் ஒரு கிலோ கல்லைக் கட்டுங்கள். புல் வெட்டுவது போலப் பிடித்துப் பாருங்கள். பிறகு கல்லை அவிழ்க்காமலே, பின்நுனியில் அரைக் கிலோ கல் ஒன்றைக் கட்டிப் பிடித்துப் பாருங்கள். அடுத்து, முன்கையைக் கல்லை நோக்கிப் பத்து சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். கடையில் மீன் நிறுக்கும் சுருள்வில் தராசு கிடைத்தால், முன்கை பிடித்த இடத்தில் அதை மாட்டித் தூக்கி, எவ்வளவு காட்டுகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக் கொள்ளுங்கள். நெம்புகோல் விதிப்படி நீங்கள் போட்ட கணக்கோடு அது ஒத்து வருகிறதா? வராவிட்டால், நாம் விட்டு விட்ட கம்பின் எடையையும் இப்போது சேர்த்து மறுபடி போட்டுப் பாருங்கள்.